கூட்டை இழுக்காத வெள்ளிக்கிழமை

எங்கள் கோழிக்கூட்டுக்கு அடிப்பலகை கிடையாது. பத்தடி நீளம், ஆறடி அகலம். நாலு பக்கமும் கம்பி வலை, மேலே பாதிக்குத் தகரம், மீதிக்குத் தென்னோலைக் கிடுகு. பிளந்த கமுக மரம் இரண்டை இருபக்கமும் சறுக்குக் கட்டையாக வைத்து, முன்னால் தும்புக் கயிறு கட்டியிருந்தேன். தினமும் காலையில் அந்தக் கயிற்றைத் தோளில் போட்டு, கூட்டை அதன் நீளத்துக்கு ஒரு தடவை முன்னால் இழுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் இருபது கோழியும் கூடவே நடந்து புதுப் புல்லுக்கு வந்துவிடும். புல், கறையான், வெட்டுக்கிளி என்று பொழுது சாயும்வரை கொத்தித் தின்னும். அந்த முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு பழுத்த பப்பாளி நிறத்தில் இருக்கும்.

உக்குவளையிலிருந்து உள்ளே போகும் கிளை ரோட்டின் ஓரத்தில் இருந்த தென்னங்காணி அது. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர். மகள் வீட்டோடு கண்டியில் இருந்தார். நானும் என் மனைவியும் காணியில் ஒரு சின்ன வீட்டில் இருந்து காவல் பார்த்தோம். ஒரு தடவை அவர் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி, இப்படிக் கூடு செய்ய முடியுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். யாராவது கேட்டால் பேசுவதைவிடத் தலையாட்டுவது எனக்குச் சுலபம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பெரிய ஆட்கள் முன்னால் வாய் வராது.

இரண்டு கூடு செய்தேன். பெரியது ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில். சின்னது, எட்டுக் குமரிக் கோழிகளோடு, வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிகளுக்கு நடுவில். இரண்டையும் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பேன். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். முட்டை கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அவர் கேட்பார்: "என்னத் தம்பி, இன்னைக்கித் தேர் எங்க மட்டும் வந்திருக்கு?"

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

கூடு இழுக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் நான் இழுக்கும்போது பின்னால் என் மனைவி ஈர்க்குக் குச்சியால் வலையைத் தட்டிக்கொண்டே வருவாள். சோம்பேறிக் கோழிகள் பின்தங்கினால் பின்கட்டைக்கு அடியில் கால் மாட்டி முறிந்துவிடும். அதனால் நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் இழுக்க முடியும். இருட்டில் கோழி நடக்காது. இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

விட்ட இடம் தரையில் நீள்சதுரமாகத் தெரியும். நேற்றைய சதுரம் மொட்டையாக, எச்சத்தோடு ஈரமாக இருக்கும். அதற்கு முந்தையது காய்ந்திருக்கும். ஏழெட்டு நாளான சதுரத்தில் புல் முளைவிடும். ஒரே இடத்தில் இரண்டு நாள் கூடு நின்றுவிட்டால் மட்டும் எச்சத்தின் சூட்டில் வேர் வரைக்கும் வெந்து, அந்தச் சதுரம் வாரக்கணக்கில் மஞ்சளாகவே கிடக்கும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் துண்டு வரத் தொடங்கியது. கையால் சிங்களத்தில் எழுதிய காகிதம். விடியும்போது கடைக் கதவிலோ மதகுச் சுவரிலோ ஒட்டியிருக்கும். இன்ன நாளில் கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று இருக்கும். அரசாங்கத்தோடு மோதும் சிங்கள இளைஞர்கள் என்று பேச்சு; ஒட்டுவது யார் என்று யாரும் பார்த்ததில்லை. துண்டின் பேச்சைக் கேட்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நானா ஒரு தடவை துண்டுக்குப் பயந்து கடையைப் பூட்டினார். ஆமி வந்து பூட்டை உடைத்துத் திறக்க வைத்தது. திறந்ததற்காக மறுபடி அவருக்கென்று தனியாக ஒரு துண்டு வந்தது. அதற்குப் பிறகு துண்டு வந்த நாட்களில் அவர் கடையின் கதவுப் பலகைகளில் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பார். "தொறந்திருக்கான்னு கேட்டாத் தொறந்திருக்கு. பூட்டியிருக்கான்னு கேட்டாப் பூட்டியிருக்கு" என்றார்.

எங்களுக்கு அப்படி ஒரு பாதி வழி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமைக்குத் துண்டு வந்தது. அன்று காலை நான் கதவைத் திறக்கவில்லை. முன்பக்கத்துக் கோழிகள் இடம் மாற்றச் சொல்லிக் கத்தத் தொடங்கின.

"என்னாங்க, கோழி கத்துதே" என்றாள் மனைவி.

"இன்னைக்கு வேணாம்."

"நாத்தத்துல நிக்குதுங்க."

"ரோட்டுலருந்து பாத்தா வேலை செய்றான்னு சொல்லுவாங்க."

"கோழியை நகட்டி விடுறதும் ஒரு வேலையா?"

"தோள்ல கயித்தப் போட்டு இழுத்தா வேலைதான்."

"அப்ப நீங்க படுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போய், சின்னக் கூட்டைத் தனியாளாக இழுத்துவிட்டு வந்தாள். அது ரோட்டுக்குத் தெரியாது. பெரிய கூடு நின்ற இடத்திலேயே நின்றது.

அன்று நடுப்பகலில், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், சந்தியில் இருந்த ட்ரான்ஸ்போமரை யாரோ எரித்தார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த வியாழக்கிழமை ஆமி வந்தது. ஒரு ஜீப், பின்னால் ஒரு லொறி. இரண்டும் எங்கள் வேலிப் படலை முன்னால் நின்றன. லொறிக்குள் ஏற்கெனவே மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் எங்கள் ரோட்டுக்காரர்கள். அதில் ஒருவர் எங்கள் காணிக்குத் தேங்காய் பறிக்க வருபவர். என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பது எனக்கு நல்லது என்று நினைத்திருப்பார்.

அதிகாரி இளவயதுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. சிங்களத்தில் கேட்டார்.

"போன வெள்ளிக்கிழமை எங்க இருந்த?"

"வீட்டுல, சேர்."

"யாரு பாத்தது?"

"பொஞ்சாதி."

"பொஞ்சாதியத் தவிர?"

யாரும் இல்லை. அந்தக் காணியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இரண்டு சிப்பாய்கள் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். லொறியின் பின்கதவு திறந்தபடியே இருந்தது. அப்போதுதான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய மடத்தனத்தைச் செய்தேன். கேட்காத பேச்சைப் பேசினேன்.

"நான் எங்கயும் போறதில்ல, சேர். தெனம் காலையில கூட்ட இழுக்கணும். அந்தா பாருங்க, ஒவ்வொரு நாளைக்கும் ஒரு தடம் இருக்கு. பௌர்ணமிப் போயாவுக்கு மறுநா செவ்வாக்கிழம இந்த வரிசையத் தொடங்கினேன். இன்னையோட பத்து நாள். பத்துத் தடம் இருக்கும்."

சொல்லி முடிக்கும்போதே அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. பத்து இருக்காது. ஒன்பதுதான் இருக்கும்.

அதிகாரி அந்த வரிசையைப் பார்த்தார். அவருக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். வரிசையின் தொடக்கத்துக்குப் போய், ஒவ்வொரு சதுரமாகக் கால் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். "எகாய், தெகாய், துனாய்…" மூன்றில் கொஞ்சம் நின்றார். முதல் இரண்டு சதுரத்திலும் புல் முளைவிட்டிருந்தது. அது மட்டும் வெந்து மஞ்சளாகக் கிடந்தது. பிறகு நடந்து கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒம்பது" என்றார்.

நான் கூட்டைப் பார்த்தேன்.

"பத்துன்னு சொன்ன."

கூட்டுக்குள் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுக் கெக்கரித்தது. அந்தச் சத்தத்தை யாராவது நிறுத்த மாட்டார்களா என்று இருந்தது.

அவர் திரும்பி அந்த மூன்றாவது சதுரத்துக்குப் போனார். பூட்ஸ் நுனியால் வெந்த புல்லைக் கிளறினார். "இங்க ரெண்டு நாள் நின்னிருக்கு. செவ்வா, புதன், வியாழன். வெள்ளிக்கெழம நீ இழுக்கல. எங்க போயிருந்த?"

அந்த நேரம் பின்பக்கம் போயிருந்த ஒரு சிப்பாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, அங்கே இன்னொரு கூடு இருக்கிறது என்றான். அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு பின்னால் போனார். என்னையும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயும் எண்ணினார். நான் எண்ணிக்கையைக் கேட்காமல் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வரிசையையும் அதே செவ்வாய்க்கிழமைதான் தொடங்கியிருந்தேன். எனக்குத் தெரியும், அங்கே பத்து இருக்கும்.

"இங்க பத்து" என்றார். "முன்னுக்கு ஒம்பது, பின்னுக்குப் பத்து. யாரு இழுத்தது இத?"

"நான்தான் இழுத்தேன்." என் மனைவி கதவடியில் நின்றாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். உக்குவளைக் கடைத்தெருவிலேயே வளர்ந்தவள்.

"புருசன் எங்க இருந்தான்?"

"உள்ள. போர்வைய மூடிக்கிட்டு."

"காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல சேர். பயம். அன்னைக்குக் கக்கூசுக்குப் போறதுக்குக்கூட என்னையத் தொணைக்குக் கூப்பிட்டாரு."

சிப்பாய்கள் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டன. அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தும் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவள் சொன்னது உண்மையும்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. "பின்னால உள்ளத இழுத்த நீ, முன்னால உள்ளத ஏன் இழுக்கல?"

"அது ரோட்டுக்குத் தெரியுமே."

"அப்ப அவங்க துண்டுக்குப் பயம். எங்களுக்குப் பயமில்ல."

"ரெண்டுக்கும் பயம்தான் சேர். துண்டு முந்தி வந்துச்சு. நீங்க இன்னைக்குத்தானே வந்தீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். லொறியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒங்களமாதிரி எல்லாரும் உள்ள படுத்துக்கிட்டதாலதான் அவங்களுக்கு ரோட்டு காலியாக் கெடச்சுது. பட்டப்பகல்ல வந்து எரிச்சிட்டுப் போனாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விரலை என் நெஞ்சில் வைத்தார்.

"தெனம் இந்த ரோட்டாலதான் போறேன். துண்டு வந்தாலும் வராட்டியும் முன்னால உள்ள கூடு நகர்ந்திருக்கணும். ஒரு நாள் நகரலன்னாலும் தடம் சொல்லிரும். அன்னைக்கி வந்து கேள்வி கேக்க மாட்டேன்."

அவர்கள் போனார்கள். லொறியில் இருந்த மூவரில் இருவர் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். தேங்காய் பறிப்பவர் வரவில்லை. அவருடைய மனைவி ஆமிக் கேம்புக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் மரங்களில் காய் முற்றித் தானாக விழுந்தது. வேறு ஆளைக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை.

நான் தினமும் இழுத்தேன். ஜீப் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் போகும். மதகடியில் கொஞ்சம் வேகம் குறையும். பிறகு போய்விடும். சில நாள் அந்த அதிகாரியின் முகம் தெரியும். என்னைப் பார்க்க மாட்டார். தரையைத்தான் பார்ப்பார்.

மூன்று வாரம் அப்படிப் போனது. பிறகு மறுபடி துண்டு வந்தது. புதன்கிழமை யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது.

நானா முட்டையை எடுத்து வைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி, ஒங்கட காணிக்கு முன்னால மதகுலயும் ஒண்டு ஒட்டியிருக்கு. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எங்கள் படலைக்கு நேரே ஒட்டியிருந்தார்கள். எல்லா மதகிலும்தான் ஒட்டியிருந்தார்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அன்று நானா தேர் என்று கேலி பண்ணவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நானும் மனைவியும் அதையே பேசினோம்.

"லக்கலயில தம்பி வீட்டுக்குப் போயிரலாமா?" என்றேன். அவளுடைய தம்பி அங்கே காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தான்.

"அங்க யானை வரும்."

"யானை துண்டு ஒட்டாது."

"கோழிய என்னா செய்றது? மூட்டையிலயா கட்டிக்கிட்டுப் போவீங்க? நாம ஓடிட்டோம்னு தெரிஞ்சா ரெண்டு பக்கமும் நம்மளத் தேடும்."

விடியுமுன் இழுத்துவிடலாமா என்று யோசித்தோம். கோழி நடக்காது. காலை முறித்துக்கொள்ளும். வரிசையை ரோட்டுக்கு மறைவாகப் பின்னால் திருப்பலாமா என்றும் பார்த்தோம். தடம் தெரியவில்லை என்றால் அதிகாரி ஜீப்பை நிறுத்துவார். கடைசியில் அவள்தான் சொன்னாள்:

"துண்டுக்காரங்க வருவாங்களோ வரமாட்டாங்களோ, தெரியாது. ஆமி நிச்சயம் வரும். நிச்சயமா வர்றதப் பாப்போம்."

புதன்கிழமை வெயில் வந்ததும் வெளியே வந்தோம். ரோட்டில் ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அமைதியில் கமுகக் கட்டை புல்லில் உரசும் சத்தம் ரயில் போவது மாதிரி எனக்குக் கேட்டது. கயிற்றைத் தோளில் போட்டுக் குனிந்து இழுத்தேன். ரோட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

பாதித் தூரம் போயிருப்பேன். மதகடியில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.

"நிக்காதீங்க. இழுங்க" என்றாள் மனைவி, பல்லுக்கு நடுவில்.

இழுத்தேன். உடனே பின்னால் ஒரு கோழி அலறியது. பின்கட்டைக்கு அடியில் கால் மாட்டிவிட்டது. கயிற்றைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடி, கட்டையைத் தூக்கிப் பிடித்தேன். அவள் கையை விட்டு அந்தக் காலை விடுவித்தாள். என் முதுகு ரோட்டுப் பக்கம் இருந்தது. அந்த முதுகில் இருந்த ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெரிந்தது.

சைக்கிளைப் படலையில் சாத்தும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். முப்பது வயது இருக்கலாம். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அந்தப் பக்கத்தில் நான் பார்த்த முகம் இல்லை.

"இன்னைக்கு வேல செய்யக் கூடாதுன்னு தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நிதானமாகத்தான் கேட்டார்.

மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் எனக்காகப் பேசினால் மறுபடி போர்வைக்குள் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"தெரியும். இழுக்காட்டி ஆமி வரும்."

"இழுத்தா?"

"இழுத்தா நீங்க வருவீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. என் மனைவி கோழியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். கூட்டைப் பார்த்தார். தரையில் கிடந்த சதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"முட்ட இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஒரு கடையும் இல்ல. வீட்டுல பொம்பள பெத்து ஆறு நாள். சந்தி வரைக்கும் போய்ப் பாத்தேன்."

மனைவி கோழியை உள்ளே விட்டுவிட்டு, முட்டைப் பெட்டிக்குள் கையை விட்டாள். அன்று ஏழு முட்டை இருந்தது. ஏழையும் வாழைச் சருகில் சுற்றிக் கொடுத்தாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டபோது அவள் வேண்டாம் என்று கையாட்டினாள். அவர் அதைச் சாரத்தின் மடிப்பில் வைத்துக்கொண்டார். சைக்கிளில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை திரும்பினார்.

"நான் இந்தப் பக்கம் வரல. நீ கூடு இழுக்கல."

நான் தலையை ஆட்டினேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் மட்டும்தானா, துண்டு ஒட்டுபவரும்கூடவா, இரண்டுமா? அவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. எங்களுக்கென்று தனியாகத் துண்டும் வந்ததில்லை.

அவர் போன பிறகு மீதிப் பாதியையும் இழுத்து முடித்தோம். கால் மாட்டிய கோழி நொண்டிக்கொண்டு நடந்தது. எலும்பு உடையவில்லை. பின்னால் போய்ச் சின்னக் கூட்டையும் இழுத்தோம். மாலையில் ஜீப் வந்தது. நான் உள்ளே போகாமல் கூட்டுத் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மதகடியில் வேகம் குறைந்தது. அதிகாரி தரையைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது, எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு ஜீப் போனது. அதற்குள் கோழிகள் அன்றைய புல்லில் பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தன.